எந்த 2005?

எத்தியோப்பியாவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சமயம், 2013 தொடக்கத்தில், கிராமங்களில் ஒரு சின்ன சர்வே எடுத்தேன். அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் இரண்டு வாரம் வீணடித்தது மாதிரி வீணடிக்க வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சர்வே எதைப் பற்றி என்றால், அங்கே ஊர்க்காரர்களே ‘சேஃப்டி நெட்’ என்று சொல்லும் திட்டம். அதற்கு முன்பெல்லாம் மழை பொய்த்தால் அரசு உலகத்திடம் கை நீட்டும், தானியக் கப்பல் வந்து சேர்வதற்குள் மாட்டை விற்றுச் சாப்பிட்டிருப்பார்கள். மழை பெய்த வருடத்திலும் பட்டினி கிடக்கும் குடும்பங்கள் எவை என்பது ஊருக்கே தெரியும், அப்புறம் எதற்கு ஒவ்வொரு வருடமும் அவசரநிலை அறிவிக்க வேண்டும் என்ற யோசனையில் 2005ல் தொடங்கியது இது. வயல் வேலை குறைவாக இருக்கும் ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம், குடும்பத்தில் ஒரு தலைக்கு மாதம் ஐந்து நாள் வேலை என்று கணக்கு. உடம்பில் தெம்பு இருப்பவர்கள் மலைச்சரிவில் கல் வரப்பு கட்டுவது, குட்டை வெட்டுவது, மண் ரோடு போடுவது என்று எல்லோருக்கும் சேர்த்து உழைக்க வேண்டும். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் மட்டுமே உள்ள வீடுகளுக்கு வேலையில்லாமலே உதவி. ஆரம்பத்தில் ஒரு நாள் கூலி 6 பிர் (அந்த நாட்டுப் பணம்), இல்லையென்றால் 3 கிலோ தானியம். 2008ல் தானிய விலை ஏறியதும் பலர் ‘காசு வேண்டாம், தானியமே கொடுங்கள்’ என்று கேட்டார்கள், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்போது அரசின் புதிய வறுமைக் கணக்கும் வந்திருந்தது: 2004-05ல் 38.7 சதவீதமாக இருந்தது 2010-11ல் 29.6 ஆகிவிட்டது. இந்த இறக்கத்தில் சேஃப்டி நெட்டுக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு மூலையிலாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் மண்டல அலுவலகத்துக்கு ஒரு லெட்டர் தரும், மண்டலம் வொரெடாவுக்கு (நம்ம வட்டம் மாதிரி) ஒன்று தரும், வொரெடா கெபெலேவுக்கு ஒன்று. கெபெலேதான் கடைசி, கிராம அளவு. ஒவ்வொன்றிலும் வட்டமான ஊதா சீல் இருக்க வேண்டும், கையெழுத்து மட்டும் போதாது. சீல் வைத்திருப்பவர் மீட்டிங் போயிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நான் மூன்று லெட்டருக்கு ஒன்பது நாள் அலைந்தேன், அது அதிகமில்லை என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். ஒரு யோசனை: எல்லா லெட்டருக்கும் நகல் எடுத்து, நகலிலும் சீல் வாங்கிவிடுங்கள்.

உண்மையான சிக்கல் கேள்வித்தாளில் இருந்தது. ‘2005க்கு முன் வருடத்தில் எத்தனை மாதம் சாப்பாட்டுத் தட்டுப்பாடு இருந்தது, இப்போது எத்தனை மாதம்?’ இதுதான் என் முக்கியமான கேள்வி. அம்ஹாரிக்கில் மொழிபெயர்த்துக் கொடுத்த பையன் எண்ணை எண்ணாகவே எழுதிவிட்டான், நானும் கவனிக்கவில்லை. நாற்பது வீடு முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து பார்த்தால், ‘முன்’ மூன்று மாதம், ‘இப்போது’ மூன்று மாதம், முன் நான்கு, இப்போது நான்கு, இப்படியே பக்கம் பக்கமாக. திட்டத்தால் ஒரு பலனும் இல்லை என்று கட்டுரைக்கு முதல் வரிகூட மனதில் எழுதிவிட்டேன்.

மறுநாள் ஒரு பெரியவர் காப்பி வறுத்துக்கொண்டிருந்த தன் மகளைக் காட்டி, ‘இவளுக்குக் கல்யாணம் ஆனதே 2005ல்தான், போன மாதம்’ என்றார். அப்போதுதான் உறைத்தது. அவர்கள் காலண்டர் நம்முடையதற்கு ஏழெட்டு வருடம் பின்னால். செப்டம்பரில் புத்தாண்டு. நான் நின்றுகொண்டிருந்த அந்த நாளே அவர்களுக்கு 2005தான். திட்டம் வந்தது அவர்கள் கணக்கில் 1997. நான் நாற்பது வீட்டில் கேட்டது போன வருடத்தையும் இந்த வருடத்தையும். அந்த நாட்டில் இரண்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் நான், வகுப்புத் தேதியெல்லாம் இரண்டு காலண்டரிலும் எழுதிப் பழகியவன்தான், ஆனாலும் கேள்வித்தாளில் கோட்டை விட்டேன்.

திரும்பப் போனோம். இந்த முறை வருட எண்ணே இல்லை. ‘சேஃப்டி நெட் வருவதற்கு முன்னால்’ என்று மட்டும் கேட்டோம். பதில்கள் மாறின, சில வீடுகளில் இரண்டு மாதம் வரை வித்தியாசம் சொன்னார்கள், சில வீடுகளில் ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லாத வீடுகள் ஏன் அப்படி என்று துருவப் போய்த்தான் இன்னொன்று கிடைத்தது. ஆறு பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேர் பெயர்தான் பட்டியலில். விதிப்படி குடும்பத்தில் எல்லோரையும் சேர்க்க வேண்டும், மூன்று வருடம் தொடர்ந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ உணவுப் பற்றாக்குறை இருந்த குடும்பம் என்றால் தகுதி. எனக்கு உடனே ஊழல் வாடை அடித்தது. பட்டியல் போடும் உணவுப் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். கோபப்படவில்லை அவர். ‘எங்கள் கெபெலேவுக்கு இத்தனை தலை என்று எண்ணிக்கை மேலேயிருந்து வருகிறது. தகுதி உள்ளவர்கள் அதைவிட அதிகம். முழுக் குடும்பமாகப் போட்டால் பாதி வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது, நாளைக்கு நான் இதே ஊரில்தான் நடக்க வேண்டும்’ என்றார். நூறு நாள் வேலை மாதிரி கேட்டவருக்கு வேலை என்ற சட்டம் இல்லை அங்கே. எண்ணிக்கை முதலில், ஆட்கள் அப்புறம்.

அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் விளைவு என்னவென்றால், ஆறு பேர் சாப்பிட வேண்டிய வீட்டுக்கு மூன்று பேருக்கான கூலி வருகிறது, அதுவும் சில மாதம் தாமதமாக, விலை ஏறிய பிறகு. அதை வைத்து ஒரு ஆடுகூட வாங்க முடியாது. மேலே அலுவலகத்திலோ இந்த வீடு ‘பயனாளி’ என்று ஒரு டிக்.

அதனால் கேள்வித்தாளில் இரண்டு கட்டம் சேர்த்தேன்: வீட்டில் எத்தனை தலை, பட்டியலில் எத்தனை தலை. மீதி வீடுகளை எடுத்து முடிக்கும்போது லெட்டரின் காலம் முடிந்திருந்தது. மறுபடி மண்டல அலுவலகத்துக்குப் போனேன். சீல் வைத்திருப்பவர் மீட்டிங்கில் இருந்தார்.