ரசத்துல கலந்த மாத்திரை

"குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்"னு குடிய மறக்க வைக்கிற பவுடருக்கு போஸ்டர் பாத்திருப்பீங்க, திருச்சி பஸ் ஸ்டாண்ட் சுவத்துல எல்லாம் ஒட்டியிருப்பாங்க. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு சயின்ஸ் பாடம் எடுத்தவ, அந்த நம்பருக்கு நான் போன் பண்ணேன். சிரிக்காதீங்க, பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறக்குற நேரம் ஆனா வயித்த கலக்குற அம்மாவுக்கு சயின்ஸாவது ஒண்ணாவது.

பையனுக்கு 31 வயசு. அந்த பவுடர்ல ஒண்ணும் ஆகல, காசு போனதுதான் மிச்சம். அப்புறம் தெரிஞ்சவங்க ஒருத்தங்க டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை வாங்கி குடுத்தாங்க, இத நுணுக்கி ரசத்துல போடுங்க டீச்சர், தானா வெறுத்துருவான்னு. போட்டேன். நாலு நாள் போட்டேன்.

அஞ்சாவது நாள் ராத்திரி வந்தான் பாருங்க, மூஞ்சி கழுத்தெல்லாம் செம்பருத்தி மாதிரி சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடன்னு அடிக்குது, "அம்மா என்னமோ பண்ணுதும்மா"ன்னு என் கையத்தான் பிடிச்சுக்கிட்டான். ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு. "ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா"ன்னு டாக்டர் கேக்குறாரு, அவன் இல்லங்குறான், மறுபடி கேக்குறாரு, மறுபடி இல்லங்குறான். அவன் பொய் சொல்லாத ஒரே நாள் அதுதான். நான்தான் வாயத் தொறக்கணும், அவன் முன்னாடியே.

அந்த டாக்டர் திட்டல, திட்டியிருந்தா பரவால்ல. சாராயம் உள்ள போனா ஈரல் அத அசிட்டால்டிஹைடுங்கிற விஷமா மாத்தி அப்புறம் அதையும் உடைக்கும், இந்த மாத்திரை அந்த ரெண்டாவது வேலைய நிறுத்திடும், விஷம் உடம்புலயே தேங்கும், அதனால விடணும்னு நினைக்கிறவனுக்கு டெஸ்ட் எல்லாம் பண்ணி அவனுக்கு தெரிஞ்சுதாம்மா குடுப்போம், நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல வேலை செய்யும்னாரு. கெமிஸ்ட்ரி பாடம் எனக்கே.

அதுக்கப்புறம் மூணு மாசம் என் கையால ஒரு வாய் சோறு திங்கல அவன். பரோட்டா பார்சல்தான். குடிகாரன் என்னை நம்பலங்குற நிலைமைய யோசிச்சு பாருங்க.

இதுக்கு முந்தின வருஷம் கோயில்ல கயிறு கட்டினதும் இப்படித்தான். 48 நாள்னு ஒரேயடியா நிறுத்தினான், மூணாம் ராத்திரி சுவத்துல பூச்சி ஊறுதுன்னு கத்துறான், கை நடுங்குது, நாங்க அமாவாசைன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டோம். வருஷக்கணக்கா தினம் குடிக்கிற உடம்பு திடீர்னு நிறுத்தினா வலிப்பே வரலாம், உயிருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரில வச்சு பி1 விட்டமின் ஊசியெல்லாம் போட்டுதான் நிறுத்தணும்னு யாரும் சொல்லல. சாமிய குறை சொல்லல, எங்க அறிவத்தான் சொல்றேன்.

இப்ப வாரம் ஒருக்கா அல்-அனான் மீட்டிங் போறேன், குடிக்கிறவங்களுக்கு இல்ல, அவங்க வீட்டு ஆளுங்களுக்கு. மொத நாள் ஒரு அக்கா, "நீங்க அவன குடிக்க வைக்கல, உங்களால நிறுத்தவும் முடியாது"ன்னாங்க. கோவம் வந்துச்சு, பெத்தவ கிட்ட சொல்ற பேச்சான்னு. வீட்டுக்கு வந்து பத்து நாள் கழிச்சுதான் அப்பாடான்னு இருந்துச்சு. சென்னைல 1980ல குடிக்கு வைத்தியம் பண்ற டிடிகே ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச சாந்தி ரங்கநாதன் கூட கணவர குடிக்கு பறிகொடுத்தவங்கதான், அங்கயும் குடும்பத்துக்குன்னு தனியா கவுன்சிலிங் உண்டு. குடிய விட உதவி கேக்க 14446ன்னு இலவச நம்பரும் இருக்கு, போஸ்டர் நம்பருக்கு பதிலா இதுக்கு அடிங்க.

அவன் இன்னும் விடல. ரெண்டு தடவ அட்மிட் ஆனான், ரெண்டு தடவயும் திரும்ப ஆரம்பிச்சான். நான் பைக் டியூ கட்டுறத நிறுத்திட்டேன், அதுக்கு எங்க வீட்டுக்காரரு ஒரு வாரம் என்கூட பேசல.

நேத்து காலைல அவன் மேனேஜர் என் போனுக்கு அடிச்சாரு. காய்ச்சல்னு சொல்லும்மான்னு படுத்துக்கிட்டே கைய காட்டுறான், எத்தன வருஷமா நானே சொன்ன காய்ச்சல் அது. "இருக்கான் சார், பேசுங்க"ன்னு போன அவன் தலகாணி மேல வச்சுட்டு மோட்டர் போட போயிட்டேன்.