இரண்டு பொத்தான்: ஒரு பிரஸ் ஷாப் நாட்குறிப்பு

பிப்ரவரி 26, 2024, திங்கள்

அடுத்த திங்கள் பாதுகாப்பு தினம். தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலை 1966 மார்ச் 4 அன்று ஆரம்பித்தார்கள் என்பதால் அந்தத் தேதி. நான் சூப்பர்வைசராக இருக்கும் அம்பத்தூர் பட்டறையில் அதற்கு ஒரு வாரம் முன்பே தரையில் மஞ்சள் கோடு அடிக்க ஆரம்பித்துவிடுவோம். பெயின்ட் காய்வதற்குள் டிராலி ஏறி அழிந்துவிடும். மறுபடி அடிப்போம்.

வாசல் பலகையில் 'விபத்தில்லா நாட்கள் 311'. எண்ணை மாற்றுவது வாட்ச்மேன் பொறுப்பு. மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துதான் எண்ணுகிறார்.

பிப்ரவரி 28, புதன்

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் வலதுபக்கப் பொத்தானுக்குள் மடித்த அட்டை சொருகியிருந்தது. எடுத்தேன். அரை மணி கழித்துப் போனால் மறுபடி இருக்கிறது, இந்த முறை சைக்கிள் ட்யூப் துண்டு.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு: பிரஸ் என்பது உலோகத் துண்டை, அதாவது பீஸை, 'டை' என்ற அச்சில் வைத்து அடிக்கும் மெஷின். மேலிருந்து அடிக்கும் பகுதியான ராம் இறங்க இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் டைக்குள் கை இருக்க முடியாது. அவ்வளவுதான் தத்துவம். ஒன்றில் அட்டையைச் சொருகிவிட்டால் ஒரு கையால் அமுக்கி, இன்னொரு கையால் பீஸை எடுத்துக்கொண்டே போகலாம்.

நல்ல கன்ட்ரோல் பேனல் என்றால் இந்த வித்தை நடக்காது. இரண்டு பொத்தானும் அரை விநாடிக்குள் அமுங்க வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டுவிட்டு அமுக்க வேண்டும் என்று பார்க்கும் ரிலே அதில் இருக்கும். எங்கள் நாலாம் நம்பரில் இரண்டு பொத்தானையும் வரிசையாக ஒயர் போட்டு இணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அட்டை போதும் அதை ஏமாற்ற.

ஓட்டுகிறவன் ஒடிசாப் பையன், வந்து ஐந்து மாதம். "ஹாத் அந்தர் நஹி" என்றேன், கை உள்ளே கூடாது என்று. எனக்குத் தெரிந்த இந்தி அது ஒன்றுதான். தலையாட்டினான். பக்கத்து மெஷினில் டை மாட்டும் செட்டர் சிரித்தார். "அண்ணே, அந்த வித்தையை அவனுக்கு யாரு கத்துக்கொடுத்ததுன்னு நினைக்கிறீங்க? நான்தான். எனக்கு நீங்க."

உண்மை. நான் ஓட்ட ஆரம்பித்த காலத்தில் பொத்தானே கிடையாது, கால் பெடல். கை இரண்டும் டைக்குப் பக்கத்தில் சும்மா இருக்கும்.

மார்ச் 2, சனி

மதியம் மூன்றே முக்காலுக்கு அந்தப் பையனுக்கே ஆயிற்று. இடது ஆள்காட்டி விரல் நுனி. பீஸ் டையில் ஒட்டிக்கொண்டது, எடுக்கக் கை போயிருக்கிறது, வலது கை பழக்கத்தில் பொத்தானை அமுக்கியிருக்கிறது. கத்தவில்லை. விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்தான். மெஷினில் இருந்து என் மேஜை வரை மஞ்சள் கோட்டின் மேலேயே சொட்டு.

எலும்பு தப்பியது. நகம் போய்விட்டது, நாலு தையல். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என் வலது மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு கணு இல்லை. 1998-ல் போனது. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் உண்டு: கட்டைவிரல் 30, ஆள்காட்டி முழுதாகப் போனால் 14, ஒரு கணு என்றால் 9. மோதிர விரலில் ஒரு கணுவுக்கு 5. சம்பாதிக்கும் திறனில் அவ்வளவு குறைந்ததாகக் கணக்கு. 1923-ல் போட்ட சட்டம். அதை வரிசையாக ஒப்பிக்க எனக்குத் தெரியும். அதில் ஒரு பெருமையும் இல்லை.

மார்ச் 4, திங்கள்

உறுதிமொழி எடுத்தோம். மைக்கில் நான்தான் வாசித்தேன். தமிழில் வாசிக்க, பாதிப் பேர் உதடு மட்டும் அசைத்தார்கள். சட்டையில் பச்சை பேட்ஜ், கையில் லட்டு, மிக்சர்.

பையன் வேலைக்கு வந்திருந்தான். வரவழைத்திருந்தார்கள். அடிபட்டவரால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், தொழிற்சாலைச் சட்டம் 88-வது பிரிவு. அதனால் ஸ்டோரில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கட்டுப் போட்ட கையோடு வாஷர் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். சனி மதியம் அடிபட்டான், ஞாயிறு லீவு, திங்கள் காலையில் 'டூட்டி'. கணக்கு சரியாகிவிட்டது.

பலகை: 318.

நான் ஒன்றும் சொல்லவில்லை. லட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6, புதன்

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டு டிக் பெட்டி: பாதுகாப்பற்ற செயல், பாதுகாப்பற்ற நிலை. இருபது வருடமாக முதல் பெட்டியில்தான் டிக் அடித்துவருகிறேன். கீழே 'தொழிலாளியின் கவனக்குறைவு, அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு டிரெய்னிங்கிலும் ஒரு சதவீதக் கணக்குக் காட்டுவார்கள். நூற்றுக்கு 88 விபத்து ஆட்கள் செய்யும் தப்பால், 10 மெஷின், சூழ்நிலையால், 2 யாராலும் தடுக்க முடியாதது. 1931-ல் ஹெயின்ரிச் என்ற அமெரிக்கர் சொன்னது. அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர். ஆலைகளின், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துத்தான் அந்தக் கணக்குப் போட்டார். அந்த ரிப்போர்ட்டுகளை எழுதியது யார்? என்னைப் போல ஒரு சூப்பர்வைசராகத்தான் இருந்திருப்பான், சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில். 88 வராமல் என்ன வரும்?

பேனாவை மூடிவிட்டு நாலாம் நம்பருக்குப் போனேன்.

மார்ச் 7, வியாழன்

கடிகாரத்தை வைத்துக்கொண்டு நானே ஓட்டிப் பார்த்தேன். டார்கெட் மணிக்கு 500. அப்படியென்றால் ஒரு பீஸுக்கு 7.2 விநாடி. ஒழுங்காக இடுக்கியால் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கி, இடுக்கியால் எடுத்தால் எனக்கு 9 விநாடி. 400 தாண்டாது. அடிபட்ட அன்று மூன்று மணி வரை பையன் 490 சராசரியில் போயிருக்கிறான். போன மாதம் அவனைத்தான் எல்லோர் முன்னாலும் பாராட்டினோம்.

9 விநாடி ஏன் ஆகிறது? பீஸ் ஒட்டுகிறது. நாலுக்கு ஒன்று மேல் டையோடு போய்விடுகிறது, இல்லையென்றால் கீழே பிடித்துக்கொள்கிறது. நோண்டி எடுக்க வேண்டும். அதை ஊதித் தள்ள டைக்குப் பின்னால் ஏர் நாசில் ஒன்று உண்டு. குனிந்து பார்த்தேன். நாசில் இருக்கிறது, அதற்குக் காற்று கொண்டுவரும் ஹோஸ் இல்லை. கிழிந்த ஹோஸைக் கழற்றி, குழாய் முனையில் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மெயின்டனன்ஸ் நோட்டில் தேடினேன். நவம்பர் 21: 'நெ.4 ஏர் ஹோஸ் மாற்ற வேண்டும்.' எழுதியவர் பையனுக்கு முன்னால் அந்த மெஷினை ஓட்டினவர். பார்த்ததற்குக் கையெழுத்து: நான்.

நவம்பரில் போட்ட கையெழுத்து. இந்த மேஜையில் உட்கார்ந்துதான் போட்டிருப்பேன்.

ரிப்போர்ட்டில் இரண்டாவது பெட்டியில் டிக் அடித்தேன். ஹோஸ், பேனல், டார்கெட் மூன்றையும் எழுதி, நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸையும் வைத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "உங்க பேரையே நீங்க எழுதியிருக்கீங்களே சார்" என்றார். திருத்தச் சொல்லவில்லை. ஃபைலில் போடவும் இல்லை, டிராயரில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 9, சனி

ஹோஸ் வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. சிவராத்திரிக்குக் கண் விழித்த ஃபிட்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே மாட்டினார். பீஸ் பின்னால் பறந்து டப்பாவில் விழுகிறது. இடுக்கியோடு, இரண்டு பொத்தானோடு, 7 விநாடிக்குள் வருகிறது. சத்தம்தான் ஜாஸ்தி, காதுக்கு அடைப்பான் கேட்டிருக்கிறேன்.

பேனலுக்கு ரிலே? "அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்."

மார்ச் 12, செவ்வாய்

கட்டு சின்னதாகியிருக்கிறது. பையன் இன்னும் ஸ்டோரில்தான். வாஷர் எண்ணி முடித்து இப்போது போல்ட். ஈ.எஸ்.ஐ. விபத்துப் படிவத்தை நிரப்பி மேனேஜர் கையெழுத்துக்கு மறுபடி வைத்தேன், இது இரண்டாவது தடவை. பலகை 326.

நைட் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது ஒரு சுற்று வந்தேன். ஏழாம் நம்பரில் இடது பொத்தானில் இரண்டு ரூபாய்க் காசு. ஓட்டுகிறவர் என்னைப் பார்த்ததும் எடுக்கக் கை நீட்டினார். "இருக்கட்டும், முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, டார்ச் வாங்கிக்கொண்டு டைக்குப் பின்னால் குனிந்தேன்.