ஏசிஎல்எஸ் பயிற்சியை முடித்த செவிலியரின் அனுபவம்

மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மருத்துவமனை வட்டாரத்தில் ஏசிஎல்எஸ் என்று அழைக்கப்படும் மேல்நிலை இதய உயிர்காப்புப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். ஈசிஜி அலைகளையும் மருந்தளவுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமே என்ற அச்சத்தில் இதற்குப் பதிவு செய்யாமல் தள்ளிப்போடும் செவிலியர்கள் பலரை அறிவேன். அந்த மனப்பாடம் தேவைதான். ஆனால் நோயாளியைப் பார்க்கும் ஒழுங்கும், பார்த்ததை உரக்கச் சொல்லும் பழக்கமும்தான் அங்கே உண்மையில் சோதிக்கப்படுகின்றன.

முன்தயாரிப்பில் அதிக நேரத்தை ஈசிஜிக்கே ஒதுக்கினேன். நாடி இல்லாத நோயாளியிடம் நான்கு நிலைகளை மட்டும் பிரித்தறிந்தால் போதும். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன், அவை நாடி கிடைக்காத அளவுக்கு மிக வேகமாகத் துடிக்கும் நாடியற்ற வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா ஆகிய இரண்டுக்கும் மின் அதிர்ச்சியான ஷாக் கொடுக்க வேண்டும். நேர்கோடாக ஓடும் அசிஸ்டோலுக்கும், திரையில் அலை தெரிந்தும் கழுத்தில் நாடி கிடைக்காத பிஇஏ நிலைக்கும் ஷாக் பயன்படாது. நாடி உள்ளவர்களிடம் கேள்வி வேறு: இதயம் மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ துடிப்பதால் அவருடைய இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா, நினைவு தடுமாறுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு திணறுகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும், அலையின் பெயரைத் துல்லியமாகச் சொல்வதைவிட உடனே செயல்படுவதே முக்கியம். மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்கு அட்ரோபின் முதல் டோஸ் அரை மில்லிகிராம் என்றுதான் எங்கள் தலைமுறை படித்தது. 2020ஆம் ஆண்டின் அமெரிக்க இதய சங்க வழிகாட்டுதல் அதை 1 மில்லிகிராமாக உயர்த்தியிருப்பதால், பழைய குறிப்பேடுகளை நம்பிப் படிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சியின் தொடக்கத்தில், மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தொடரவைக்கும் சிபிஆர் திறனைப் பொம்மையின் மீது செய்து காட்டச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், ஆனால் 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். எண்களாக இவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பொம்மையோடு இணைத்திருந்த கருவி எங்கள் அழுத்தங்களை அளந்து காட்டியபோதுதான், இரண்டாவது நிமிடத்தின் முடிவில் நல்ல உடல்வலு உள்ளவருக்கும் ஆழம் குறைந்துவிடுவது தெரிந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வதன் காரணம் அதுவே. மாற்றத்துக்காக நிறுத்தும் நேரம் 10 விநாடிக்குள் அடங்க வேண்டும், ஏனெனில் அழுத்தம் நின்றவுடன் இதயத் தமனிகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் சரிந்து, மறுபடி ஏறுவதற்குப் பல அழுத்தங்கள் தேவைப்படுகின்றன.

எல்லோரும் அஞ்சுகிற பகுதி மெகாகோடு என்னும் குழுத் தேர்வு. நெஞ்சுவலியோடு வந்த நடுத்தர வயது நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவிழக்கிறார் என்பது எனக்குக் கிடைத்த சூழல். குழுத் தலைவராக நான் நிற்க வேண்டியிருந்தது. தொடங்கும் முன் பயிற்றுநர், "மானிட்டரைப் பார்க்கும் முன் நோயாளியைப் பாருங்கள், சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். தட்டி அழைத்தல், மூச்சையும் நாடியையும் ஒரே நேரத்தில் 10 விநாடிக்குள் பார்த்தல், அழுத்தத்தைத் தொடங்கச் சொல்லுதல், திரையைப் பார்த்தல், ஷாக், உடனே மீண்டும் அழுத்தம் என்று வரிசை நகர்ந்தது. ஷாக் கொடுக்கும் கருவியான டிஃபிப்ரிலேட்டர் சார்ஜ் ஆகும் நேரத்திலும் அழுத்தம் நிற்கக் கூடாது. இரண்டாவது ஷாக்குக்குப் பின் அட்ரினலின் 1 மில்லிகிராம், அதன்பின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. மூன்றாவது ஷாக்குக்குப் பின், துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 300 மில்லிகிராம். மருந்து சொல்லப்பட்டவர் அதன் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்ல வேண்டும், செலுத்தியபின் செலுத்திவிட்டேன் என்று மீண்டும் அறிவிக்க வேண்டும். எங்கள் வார்டுகளில் பதற்றமான நேரத்தில் மூன்று பேர் ஒரே மருந்தை எடுக்க ஓடுவதையும், நேரத்தை எழுத ஒருவரும் இல்லாமல் போவதையும் பார்த்த எனக்கு, இந்த ஒரு பழக்கத்துக்காகவே பயிற்சிக் கட்டணம் தகும் என்று தோன்றியது.

மூச்சுத்திணறலுக்கு இந்தப் பயிற்சி ஒதுக்கும் நேரம் போதாது என்பது என் உறுதியான கருத்து. நாடி இருந்து மூச்சு மட்டும் நின்றவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு, கையால் காற்றைச் செலுத்தும் பையான அம்பு பேக்கை மார்பு எழும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். வேகமாக அழுத்தினால் மார்புக்கூட்டின் உள்ளழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும் என்ற விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆனால் எங்கள் பிரிவுக்கு வருபவர்களில் பலர் மூச்சு நிற்பதற்கு முந்தைய கட்டத்தில் வருகிறார்கள். ஆஸ்துமா நோயாளியின் நெஞ்சில் விசில் சத்தம் குறைந்தால் நலமடைகிறார் என்று உறவினர்கள் நிம்மதி அடைவார்கள். அவர் சோர்ந்து, முழு வாக்கியம் பேச முடியாமல் இருக்கும்போது சத்தம் அடங்கினால் காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள். சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். 100ஐ எட்டச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி அவர் மயக்கத்தில் ஆழக்கூடும். நுரையீரலில் நீர் கோத்த இதய நோயாளிக்கும் விசில் சத்தம் வரும் என்பதால், நெபுலைசரோடு நின்றுவிடாமல், படுக்க முடிகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும். இவற்றையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தவர்கள் எங்கள் வார்டின் மூத்த செவிலியர்கள்.

நெஞ்சுவலிப் பகுதி எங்கள் நடைமுறையோடு நன்றாகப் பொருந்தியது. வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல், மூச்சுத்திணறலும் இல்லாதவருக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை லோடிங் டோஸாக, அதாவது தொடக்கத்தில் ஒரே முறையாகத் தரும் கூடுதல் அளவில், கொடுத்து அனுப்புகிறார்கள். ஆகவே அங்கிருந்து அனுப்பிய சீட்டைப் படிக்காமல் அதே மாத்திரைகளை மறுபடி கொடுத்துவிடக் கூடாது. இதயத்தின் வலப்பகுதியும் பாதிக்கப்பட்ட மாரடைப்பில் நாக்கின் அடியில் இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும் என்பதால், கீழ்ச்சுவர் மாரடைப்பு தெரிந்தால் வலப்பக்க ஈசிஜியும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். திறன் அதற்கு வெகு முன்பே மங்கிவிடும் என்பதால், பணி மாறும் வேளையில் டிஃபிப்ரிலேட்டரைச் சோதித்து, மருந்துத் தள்ளுவண்டியைச் சரிபார்க்கும்போதே, அன்று அழுத்தம் கொடுப்பவர் யார், மூச்சுப் பாதையைக் கவனிப்பவர் யார், மருந்து செலுத்துபவர் யார், நேரம் எழுதுபவர் யார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை எங்கள் பிரிவில் தொடங்கியிருக்கிறோம்.