முழங்காலுக்கு மேல போகாதீங்க சார்

இதைத்தான் சொன்னேன். தனுஷ்கோடி முனையில இருக்குற அரிச்சல்முனையில வேன நிறுத்தினதும், என் வண்டியில வந்தவரு ஒருத்தரு கேட்டாரு, "அண்ணே, அந்த எடத்துல மட்டும் அலையே இல்லையே, அங்க இறங்கலாமா?"ன்னு, நான் பதில் சொல்லிட்டு டயர பாக்கக் குனிஞ்சிட்டேன்.

ஆனி மாசம். இந்த மாசத்துல பெண்கடல்னு நாங்க சொல்ற வடக்குப் பக்கக் கடல் குளம் மாதிரி கெடக்கும், ஆண்கடல்னு சொல்ற தெக்குப் பக்கக் கடல்தான் ஆடும், வாடைக்காத்து வந்தா அப்படியே மாறும், எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அவரு காட்டினது ஆண்கடல்ல. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையுது, நடுவுல கொஞ்ச தூரம் தண்ணி கருப்பா சும்மா நெளியுது. அலை கொண்டாந்து கொட்டுற தண்ணியெல்லாம் திரும்பிப் போற வழியே அதுதான். வெளியூர்க்காரங்க கண்ணுக்கு அதுதான் நல்ல எடம்.

பாவம், அவரு என் பேச்ச மீறல. முழங்கால் தண்ணியிலதான் நின்னாரு. காலடி மணல் அரிச்சுக்கிட்டே போச்சு, ரெண்டு அலையில இடுப்பாயிடுச்சு, மூணாவதுல ஆள் சாஞ்சு உள்ள போயிட்டாரு. வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணன்தான் "கரையப் பாத்து நீந்தாதீங்க, பக்கவாட்டுல வாங்க"ன்னு கத்திக்கிட்டே கயித்தோட ஓடினாரு. இழுத்துட்டாங்க. அவரு பொண்ணு அப்பாவோட செருப்ப நெஞ்சோட கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, சத்தமே போடல.

வேண்டாம்னு சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பாரா? கேக்காதவங்கள எத்தனையோ பேர பாத்திருக்கேன், அதனாலதான் ஒரு அளவாச்சும் சொல்லுவோம்னு சொன்னேன். ஆனா அளவு சொன்னதே அனுமதி மாதிரி ஆயிடுச்சோ? 1964 புயல்ல ஊரையே எடுத்த கடல்னு வழியெல்லாம் கதை சொல்லிட்டு வந்தவனும் நான்தானே. 2017ல ரோடு வர்றதுக்கு முன்னாடி மணல்ல எங்க ஆளுங்க வண்டியிலதான் வரணும், கூட்டிட்டு வந்தவன் கூடவே நிப்பான். இப்ப நான் நிழல் தேடி வண்டிய விட்டுட்டு போன் பாக்குறேன். அன்னிக்குக் கரையில லைஃப்கார்டும் கெடையாது. அப்போ யாரு பொறுப்பு, நான் டிரைவர்தானேன்னு ஒரு மனசு சொல்லுது, அது நிக்க மாட்டேங்குது.

இப்பெல்லாம் இறங்கவே வேண்டாம்னுதான் சொல்றேன். போன வாரம் ஒரு பாட்டிம்மா, சேதுல குளிக்கணும்னே காசியில இருந்து வந்தவங்க, எதுவரைக்கும் போலாம் தம்பின்னு கேட்டாங்க. வடக்குப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் வாயில வந்தது "முழங்கால் வரைக்கும்"தான். அவங்க மூணு முழுக்கு போட்டு முடிக்கிற வரைக்கும் கைய விடல.