நான்கில் மூன்று முடிந்தது

மப்ளர் பின்னத் தெரிந்த கைக்கு டேபிள் மேட் எல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்போடுதான் ஆரம்பித்தேன். வெறும் நீள்சதுரம். கழுத்து வைக்க வேண்டாம், கை வைக்க வேண்டாம், போட்டுப் பார்க்க ஆள் வேண்டாம். சாப்பாட்டு மேசைக்கு நான்கு வேண்டும். இரண்டு வாரம் போதும் என்று கணக்குப் போட்டேன். இப்போது ஏழாவது வாரம் நடக்கிறது.

கழுத்தில் சுற்றிய மப்ளர் ஓரிடத்தில் கொஞ்சம் அகலமாக இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மேசைமேல் கிடக்கிற விரிப்பு அப்படித் தப்ப முடியாது. மேசை விளிம்பே அளவுகோலாகப் பக்கத்தில் நிற்கும். போதாததற்கு அதன் உடன்பிறப்புகள் மூன்று எதிரும் புதிருமாகக் கிடந்து காட்டிக்கொடுக்கும்.

முதல் முயற்சிக்கு வீட்டில் மிஞ்சிக் கிடந்த அக்ரிலிக் நூலையே எடுத்தேன். பின்னல், ஸ்டாக்கினெட்: ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல். நிட் என்றால் பின்னுகிறவர் பக்கம் வி வடிவம் காட்டும் கண்ணி (நூல் வளையம்), பர்ல் என்றால் மேடு காட்டும் கண்ணி. முன்பக்கம் முழுக்க வழவழவென்று வி வடிவமாக இறங்கும், பார்க்க அழகுதான். ஆனால் இந்தப் பின்னலுக்குச் சுருளுவது பிறவிக் குணம். பக்க ஓரங்கள் பின்னால் மடங்கும், மேலும் கீழும் முன்னால் மடங்கும். அது தெரிந்ததால்தான் சுற்றிலும் நான்கு கண்ணி அகலத்துக்கு, எல்லா வரிசையும் நிட்டாகவே போடும் கார்ட்டர் பின்னலில் கரை கட்டினேன். கரை இருந்தால் அடங்கிவிடும் என்று நம்பினேன். கரையும் சேர்ந்து சுருண்டது. அது மட்டுமா, கார்ட்டர் வரிசைகள் ஸ்டாக்கினெட் வரிசைகளைவிடக் குட்டையானவை. அதனால் பக்கக் கரைகள் இழுத்துப் பிடிக்க, நடுப்பகுதி உப்பிக்கொண்டு நின்றது. தங்கை வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது விரிப்பா, சுருட்டி வைத்த பாயா?" என்றாள். பதில் சொல்லாமல் பிரித்தேன்.

பிரித்த நூலில் ஒரு துண்டைக் கிண்ணத்தின்மேல் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். உருகிக் கறுத்து, கெட்டியான மணியாக உறைந்தது. பருத்தி நூல் அப்படி உருகாது. காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். சூடான தட்டும் பாத்திரமும் வந்து உட்காருகிற இடத்துக்கு உருகுகிற நூல் எதற்கு? கம்பளி கறை பட்டால் துவைக்கத் தொல்லை. பருத்திதான் என்று முடிவு செய்து, 50 கிராம் பந்துகள் ஆறு வாங்கினேன். ஆறு போதும் என்று நினைத்ததன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

பின்னலையும் மாற்றினேன். மாஸ் ஸ்டிச்: ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும், அடுத்த வரிசையில் மேடு தெரிகிற கண்ணிமேல் நிட், வி தெரிகிற கண்ணிமேல் பர்ல். இரண்டு வகைக் கண்ணியும் கலந்து வருவதால் எந்தப் பக்கமும் இழுப்பு மிஞ்சாது. துணி அப்படியே படுத்துக்கிடக்கும். முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமும் இல்லை. கண்ணி எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் எல்லா வரிசையும் நிட்டில் தொடங்கி நிட்டில் முடியும். தொலைபேசியில் பேசிக்கொண்டே போடலாம். போடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்த முறை மாதிரித் துண்டு ஒன்றை ஒழுங்காகப் பின்னினேன். மப்ளர் காலத்தில் நான் ஒருபோதும் செய்யாத வேலை. 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 17 கண்ணி, உயரத்துக்கு 29 வரிசை. அத்தோடு நிற்காமல் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தேன்: 18 கண்ணி, 32 வரிசை. பருத்தி சுருங்கிவிட்டது, அதுவும் நீளவாக்கில் கூடுதலாக. துவைக்காத கணக்கில் பின்னியிருந்தால் முதல் சலவையிலேயே விரிப்பு குட்டையாகியிருக்கும். எனக்கு வேண்டியது 45 செ.மீ.க்கு 30 செ.மீ. ஆகவே 81 கண்ணி, 96 வரிசை. ஒரு விரிப்புக்கு 7,776 கண்ணிகள். இந்தப் பெருக்கலை வேலை முடிந்தபின் செய்திருக்க வேண்டும். முன்பே செய்தது தப்பு.

நீளமான நேர் ஊசியில் 81 கண்ணி ஏற்றிப் பத்து வரிசை போவதற்குள் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. கம்பளி கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். பருத்தியிடம் அந்தத் தயவு கிடையாது, கனமும் அதிகம். வட்ட ஊசிக்கு மாறினேன். இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்த ஊசி அது. வட்டமாகப் பின்ன வேண்டிய கட்டாயம் இல்லை, முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பின்னலாம். பாரம் முழுக்க மடியில் இறங்கிவிடும். கூர் மழுங்கிய மர ஊசியாக இருந்தால் இன்னும் நல்லது. கூரான ஊசி பருத்தி இழையைப் பிளந்துகொண்டு நடுவில் நுழைகிறது.

முதல் விரிப்பில் 40ஆவது வரிசையில் நிறுத்தி, கையால் நீவிப் பார்த்தபோது எட்டு வரிசைக்குக் கீழே ஒரு பிழை உறுத்தியது. மேடும் வியும் மாறி மாறி வர வேண்டிய இடத்தில் மேட்டுக்குமேல் மேடு. தொலைபேசிப் பேச்சு நீண்ட அன்று நடந்திருக்கும். எட்டு வரிசையையும் பிரிக்க மனம் வரவில்லை. அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டேன். ஏணிப்படிபோல எட்டு குறுக்கிழைகள் திறந்துகொண்டன. குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே இழுத்தேன்: ஒன்று முன்பக்கமாக, அடுத்தது பின்பக்கமாக. ஐந்தாவது படியில் எந்தப் பக்கம் என்று மறந்துபோய், மறுபடி கீழிருந்து ஏறினேன். முக்கால் மணி நேரம் போனது. பிரித்துப் பின்னியிருந்தால் அரை மணி சொச்சத்தில் முடிந்திருக்கும்; ஆனாலும் அந்தக் கண்ணி இடத்தில் போய் உட்கார்ந்தபோது கிடைத்த திருப்தியை விட்டுத்தர மாட்டேன்.

முதல் விரிப்பை முடித்து விரித்துப் பார்த்தால் நீள்சதுரம் இல்லை, சரிவகம். அடிப்பக்கம் 47 செ.மீ.; மேல்பக்கம் 43. கடைசி வரிசையில் கண்ணிகளை முடித்து இறக்கும்போது, 'நழுவிவிடக் கூடாதே' என்று இறுக்கிவிட்டேன். அந்த வரிசையை மட்டும் பிரித்து, 5 மி.மீ. ஊசியால் தளர்வாக இறக்கினேன். அளவு சரியாகிவிட்டது.

நூல் இணைப்பையும் சொல்ல வேண்டும். முதல் பந்து தீர்ந்தது நடு வரிசையில். புதுப் பந்தை அங்கேயே முடிச்சுப் போட்டு இணைத்தேன். மறுநாள் கண்ணாடி டம்ளரை அதன்மேல் வைத்தேன். டம்ளர் மெல்ல ஆடியது. தூக்கிப் பார்த்தால் சரியாக அடியில் அந்த முடிச்சு. மப்ளரில் முடிச்சு யாரைக் குத்தப் போகிறது? இங்கே தண்ணீரைக் கொட்டும். முடிச்சை அவிழ்த்து, வால்களைப் பின்னலுக்குள் செருகினேன். இரண்டாவது விரிப்பிலிருந்து வரிசைத் தொடக்கத்தில் மட்டுமே புது நூல், 15 செ.மீ. வால் விட்டு, மழுங்கிய தையல் ஊசியால் ஒரு திசையில் ஓட்டி, திருப்பி எதிர்த்திசையிலும் ஓட்டுகிறேன். பருத்தி வழுக்கும், ஒரே திசையில் விட்டால் இரண்டு சலவையில் வால் எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது விரிப்பில் சொல்ல எதுவும் இல்லை. ஒரு வரிசைக்கு நான்கரை நிமிடம், மொத்தம் ஏழு மணி நேரம், பிழை இல்லை. அலுப்பான வேலை என்பார்கள். அந்த அலுப்புக்காகத்தான் நான் பின்னுகிறேன்.

மூன்றாவது முதலிரண்டைவிட ஒரு செ.மீ. அதிகம் வந்தது. அதே நூல், அதே ஊசி, அதே எண்ணிக்கை. கை பழகப் பழக இழுப்பு தளர்ந்திருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தால் அளவும் சரியாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். கையின் மனநிலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. கெட்டி அட்டையில் 45க்கு 30 அளவில் ஒரு வார்ப்பு வெட்டினேன். மூன்றையும் ஒன்றாகத் துவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, ஈரமாக இருக்கும்போதே தடித்த விரிப்பின்மேல் வைத்து, அட்டை அளவுக்கு இழுத்தும் தள்ளியும் துருப்பிடிக்காத குண்டூசிகளால் குத்தி வைத்தேன். காய்ந்தபின் மூன்றையும் அடுக்கினால் ஓரங்கள் ஒத்துப்போகின்றன. மூலையில் ஒரு நூலின் பருமன் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. நான் சொன்னால்தான் தெரியும், நான் சொல்லப் போவதில்லை.

சூடு எவ்வளவு தாங்குகிறது என்றும் சோதித்தேன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பிரச்சினை இல்லை. அடுப்பிலிருந்து நேராக இறக்கிய பாத்திரத்தை வைத்தபோது, அடியில் மேசைப் பலகை சுட்டது. கண்ணிக்குக் கண்ணி இடைவெளி இருக்கிறதே. இரட்டை நூலாகப் பின்னினால் தடிமன் கூடும். தட்டு விரிப்புக்கு அவ்வளவு தேவையில்லை என்று விட்டுவிட்டேன். பாத்திரத்துக்கு மரப் பலகை இருக்கிறது.

இப்போது அந்த ஆறு பந்துக் கதை. ஒரு விரிப்புக்குச் சுமார் 85 கிராம் பிடிக்கிறது. மூன்றுக்கு 255 கிராம் போக, மிச்சம் 45. இன்னொரு பந்து வாங்கப் போனால், அதே நிறத்தில் வேறு சாயத் தொகுதி எண்தான் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய பந்துகளுக்குப் போடும் எண்) கிடைத்தது. விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். பகலில் ஜன்னலோரம் வைத்தால் புதியது ஒரு சாயல் மங்கல். பாதியில் பழையதை முடித்துப் புதியதைத் தொடங்கினால் நடுவில் கோடு கிழித்தது போலிருக்கும். அதனால் நான்காவதை இரண்டு பந்தையும் வைத்துக்கொண்டு பின்னுகிறேன்: இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது. சாயல் வித்தியாசம் கலந்து கரைந்துவிடுகிறது. ஆனால் பந்துகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்கின்றன. நான்கு வரிசைக்கு ஒருமுறை எழுந்து பிரித்துவிட வேண்டியிருக்கிறது.

நேற்று இரவு 38ஆவது வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். இன்னும் 58.