லெனினுக்கும் ஸ்டாலினுக்கும் சண்டை

தாத்தா தீவிர கம்யூனிஸ்ட். மூத்த மகனுக்கு லெனின் என்றும் கடைசி மகனுக்கு ஸ்டாலின் என்றும் பெயர் வைத்தார். அவை இரண்டுமே அந்தத் தலைவர்களின் பிறவிப் பெயர் இல்லை. உல்யானவ், ஜுகாஷ்விலி என்று அசல் பெயரை வைத்திருந்தால் ரேஷன் கார்டில் என்ன ஆகியிருக்குமோ! நடுவில் பிறந்த என் அப்பா மட்டும் முருகேசன். அந்தப் பிரசவத்தின்போது தாத்தா ஏதோ போராட்டத்தில் உள்ளே இருந்தார், பாட்டி முந்திக்கொண்டார்.

போன மாதம் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து நாளைக்கு டென்ஷனே கூடாது என்றார் டாக்டர். உடனே ஸ்டாலின் சித்தப்பா பொறுப்பைக் கையில் எடுத்தார். பேப்பர் கிடையாது, டிவி விவாதம் கிடையாது, செல்போன் பீரோவுக்குள். இருவருக்கும் ஒரே அடுக்ககத்தில்தான் வீடு. அசோசியேஷன் செயலாளர் பதவி பெரியப்பாவிடமிருந்து சித்தப்பாவுக்குப் போய் ஆறு மாதம்தான் ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் ராத்திரி, மெயின்டனன்ஸை ஏற்றக் கூடாது என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி. அனுப்பியது பெரியம்மா. 'குட் மார்னிங்' ரோஜாப்பூவைத் தவிர அவர் அதுவரை எதையும் அனுப்பியதில்லை. சொல்லச் சொல்ல டைப் அடித்திருக்கிறார் என்பது நாலு மாடிக்கும் புரிந்துவிட்டது. சித்தப்பா போனைப் போட்டுப் பெரியம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

மறுநாள் நானும் அப்பாவும் சமாதானம் பேசப் போனோம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இது அப்படியே மாஸ்கோவில் நடந்ததுதான் பெரியப்பா" என்று ஆரம்பித்துவிட்டேன்.

1922 டிசம்பர். பக்கவாதத்தில் படுத்திருந்த லெனினை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கட்சி, பொதுச்செயலாளர் ஸ்டாலினிடம் கொடுத்திருந்தது. லெனின் சொல்லச் சொல்ல மனைவி குரூப்ஸ்கயா கட்சியின் இன்னொரு தலைவரான ட்ராட்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். விஷயம் தெரிந்ததும் ஸ்டாலின் போனில் அந்த அம்மாவைக் கண்டபடி திட்டிவிட்டார். ஜனவரியில் லெனின், இவர் ரொம்ப முரடு, பதவியிலிருந்து மாற்றுங்கள் என்று கட்சிக்குக் குறிப்பு எழுதிவைத்தார். 1923 மார்ச் 5 அன்று ஸ்டாலினுக்கே ஒரு கடிதம்: என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறீரா, இல்லை உறவை முறித்துக்கொள்வோமா? (சரியாக 30 வருஷம் கழித்து அதே மார்ச் 5 அன்றுதான் ஸ்டாலின் இறந்தார். அதை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை.)

பெரியப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அப்புறம், பதவியிலிருந்து தூக்கினாங்களா?"

"இல்லை பெரியப்பா."

"அதானே பார்த்தேன்."

பெரியம்மாவின் கவலை வேறு. "அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டானா இல்லையா?"

பேச்சைத் திரும்பப் பெறச் சொன்னால் பெறுகிறேன், ஆனால் என் தப்பு என்ன என்றுதான் விளங்கவில்லை என்ற தினுசில் அந்த ஸ்டாலின் பதில் எழுதியிருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஸ்டாலின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணி, நேத்து பேசினதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்னுதான் இன்னும் புரியலை."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பெரியம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். சித்தப்பா ஒரு வாய் குடித்தார், பெரியம்மாவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். துளி சர்க்கரை இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் தம்ளரைக் கீழே வைத்தார்.