பினாங்கிலிருந்து இங்கிலாந்து: ஏ/பி படுத்திய பாடு

தாதி வேலைக்கு இங்கிலாந்து போகிறேன் என்று சொன்னதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் எழுத்துத் தாளுக்கு 6.5 போதும், மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும். தாதியருக்குக் கணினியில் வைக்கும் சிபிடி பரீட்சையில் மருந்துக் கணக்கு வரும், தசமப் புள்ளியைப் பார்த்துப் போடு. குளிர்ச்சட்டையை இங்கே வாங்காதே, அங்கே போய் வாங்கு. எல்லாம் நல்ல யோசனைதான். பெயரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை இரண்டும் வம்பில்லாமல் முடிந்தன. என்னை அலையவிட்டது 'கோமதி ஏ/பி சுப்பிரமணியம்' என்ற என் பெயருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஏ/பி. 'இன்னாரின் மகள்' என்பதன் மலாய்ச் சுருக்கம் அது.

நம் மலேசியக் கடப்பிதழில் பெயருக்கு ஒரே வரிதான். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற பிரிவே கிடையாது. வெளிநாட்டுப் பாரங்களில் எல்லாம் இரண்டு கட்டம். எதை எதில் போடுவது என்பது முதல் தலைவலி. அந்தக் கட்டங்கள் பலவற்றில் சாய்கோட்டைத் தட்டினாலே சிவப்பு எழுத்தில் திட்டு விழும் என்பது அடுத்தது. கடப்பிதழின் அடியில் கணினி படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதிலும் சாய்கோட்டுக்கு இடமில்லை. அங்கே பெயருக்கு ஒதுக்கியிருப்பதே 39 எழுத்துகள்தான். அப்பா பெயர் நீளமாக இருக்கிறவர்கள் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

எனக்குச் சனி பிடித்தது கல்லூரியில். பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை), கடப்பிதழ் மூன்றிலும் என் பெயர் ஒன்றுபோல இருக்கிறது. டிப்ளோமாவில் மட்டும் ஏ/பி காணோம், அப்பா பெயரில் ஒரு 'ஒய்' கூடுதல். அந்த ஒய் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அப்பாவின் ஐசியில் அப்படித்தான் இருக்கிறது. அவர் கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதிவிட்டார். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி எழுதினார்கள். கல்லூரிக்காரர்கள் அப்பா நிரப்பிய கட்டணப் பாரத்தைப் பார்த்து என் பெயரிலும் ஒய்யைச் சேர்த்துவிட்டார்கள். இங்கே வேலை பார்த்த வருஷங்களில் அதை யாரும் கண்டுகொண்டதில்லை. இங்கிலாந்தின் தாதியர் மன்றம் கண்டுகொண்டது. படிப்புக்கான உறுதிக் கடிதத்தைக் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும், அதிலுள்ள பெயர் கடப்பிதழோடு ஒத்துப்போக வேண்டும் என்றார்கள்.

கல்லூரிக் கவுண்டரில் இருந்தது நம்ம தமிழ் அக்காதான். அதனால் சுலபம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"சிஸ்டத்துல என்ன இருக்கோ அதான்மா வரும்."

"அக்கா, என் ஐசியைக் கொஞ்சம் பாருங்களேன்."

"ஐசி வேற, எங்க ரெக்கார்ட் வேற. மேடம் மீட்டிங்ல இருக்காங்க. திங்கக்கிழமை வாங்க."

திங்கட்கிழமை மேடம் லீவு. அதற்கடுத்து போனபோது, சத்தியப் பிரமாணம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரவு வேலை முடிந்த கையோடு தூங்காமல் ஃபெரி ஏறி இறங்கியிருக்க வேண்டாம்.

சத்தியப் பிரமாணம் என்றதும் பயந்துவிடாதீர்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை, அந்த ஆள் நான்தான்" என்று எழுதி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போடுவது, அவ்வளவே. பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. ஆனால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுங்கள், மலாயில் இருந்தால் பிறகு மொழிபெயர்ப்புக்கு வேறு அழ வேண்டும். ஐசி எண், கடப்பிதழ் எண் இரண்டும் அதில் இருக்கட்டும். ஒரே பிரதியோடு திரும்பாதீர்கள், எல்லாவற்றிலும் அசல் முத்திரை வாங்கி வையுங்கள். எனக்கு அது கல்லூரியோடு முடியவில்லை. பிறகும் கேட்ட இடமெல்லாம் அதைத்தான் நீட்டினேன்.

பிரமாணத்தைப் பார்த்த மேடம் டிப்ளோமாவை மாற்ற முடியாது, கடிதம் தருகிறேன் என்றார். கடிதமும் வந்தது. அக்கா உறைக்குள் போட்டு ஒட்டப் போனார். "ஒரு நிமிஷம்கா" என்று வாங்கிப் படித்தேன். ஒய் போயிருந்தது, ஏ/பி வந்திருந்தது. கடப்பிதழ் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது! அக்கா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரும்ப அச்சடித்தார். எனக்கு அன்றைக்கு அதுவே பெரிய வெற்றி. கவுண்டரை விட்டு நகரும் முன் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

இனி விசாவுக்கானவை. நன்னடத்தைச் சான்றிதழ் இணையத்திலேயே விண்ணப்பித்தது, 20 வெள்ளி (ரிங்கிட்), சிரமமில்லை. கிடைக்கச் சில வாரம் ஆகும் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடந்த 10 ஆண்டில் மொத்தமாக 12 மாதமோ அதற்கு மேலோ எந்த நாட்டில் இருந்திருந்தாலும் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு சீனத் தோழி இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைசி நேரத்தில் சிங்கப்பூருக்கு ஓடினாள்.

காசநோய்ப் பரிசோதனையை பிரிட்டிஷ் அரசின் பட்டியலில் உள்ள கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். வேறு எங்கே எக்ஸ்ரே எடுத்தாலும் செல்லாது. சான்று 6 மாதத்துக்குத்தான் நிற்கும், அதனால் இதை மட்டும் அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்காதீர்கள்.

அடுத்து வேலை கொடுக்கும் ஆஸ்பத்திரியின் ஆதரவுச் சான்றிதழ். சான்றிதழ் என்று பெயரே தவிர, வருவது ஒரு எண்தான். அதில் என் குடும்பப் பெயர் என்று 'பி'யையும் சேர்த்துத் தட்டியிருந்தார்கள். அனுப்பிய அம்மாளுக்கு மலேசியப் பெயர் புதிது, பாவம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, இதைச் சரிசெய்ய எண்ணையே ரத்து செய்ய வேண்டியதில்லை. சின்னப் பிழைகளுக்கு ஆஸ்பத்திரியே அந்தப் பதிவில் ஒரு திருத்தக் குறிப்பு சேர்க்கலாம். கேட்டதும் சேர்த்தார்கள். விசா பணத்தைக் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கையோடு, முதல் மாதச் செலவுக்கு அவர்கள் பொறுப்பேற்கிறார்களா என்றும் பாருங்கள். ஏற்காவிட்டால் 1,270 பவுன் உங்கள் கணக்கில் 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். சுகாதார விசா என்பதால் அங்குள்ள மருத்துவக் கூடுதல் கட்டணம் கிடையாது, அது ஒரு நிம்மதி.

விசாவுக்குக் கைரேகை கொடுக்கக் கோலாலம்பூர் போனேன். பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயில், இரவு பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தி வீடு, காலையில் வேலை முடிந்தது. சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கிடையில் அக்கம்பக்கத்தில் இரண்டு வதந்தி. பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பாக்கியிருந்தால் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள் என்பது ஒன்று. அந்தப் பயணத் தடையை 2018இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் கொள்கை என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறுவது. குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் ஐசி எண்ணைத் தட்டினால் உங்களுக்குத் தடை இருக்கிறதா என்று தெரிந்துவிடும், பார்த்துவிட்டுப் போங்கள். நாட்டை விட்டுப் போவதால் ஈபிஎஃப் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்பது இன்னொன்று. குடியுரிமையைத் துறந்தால்தான் அப்படி எடுக்க முடியும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை.

இனி டிக்கெட். இதை எழுதும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இணையத்தில் நானே எடுத்திருப்பேன். "தெரிஞ்சவங்ககிட்ட எடுத்தா ஒரு பிரச்சனைன்னா கேக்கலாம்" என்று அப்பா சொன்னார். தெரிந்தவர் என்பது ஜார்ஜ்டவுனில் ஒரு டிராவல் ஏஜெண்ட். கடப்பிதழ் நகலை அனுப்பினேன். வந்த டிக்கெட்டில் குடும்பப் பெயர் 'கோமதி ஏ', சொந்தப் பெயர் 'பி சுப்பிரமணியம்'. ஏன் இப்படி என்று பிறகுதான் புரிந்தது. டிக்கெட் போடும் கணினிக்குச் சாய்கோடு என்றால் குடும்பப் பெயர் அதோடு முடிந்தது என்று அர்த்தம். இந்த ஆள் என் பெயரை அப்படியே தட்டியிருக்கிறார், அது நட்ட நடுவில் வெட்டிவிட்டது. மலேசியாவில் டிக்கெட் விற்கிற ஒருவருக்கு இது தெரியாது என்றால் நம்ப முடிகிறதா?

"அண்ணே, பேர் ரெண்டா பிரிஞ்சிருக்கு."

"அட, ஒண்ணும் ஆகாதும்மா. நம்ம இண்டியன் ஆளுங்க எல்லாருக்கும் இப்படித்தான் வரும்."

உள்நாட்டில் லங்காவிக்குப் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். நான் நடுவில் விமானம் மாறி, வேலை விசாவில் இறங்குகிறவள். விமான நிறுவனத்தை அழைத்தேன். ஏஜெண்ட் போட்ட டிக்கெட்டை ஏஜெண்ட்தான் திருத்த வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். திரும்ப ஏஜெண்ட். பெயர் திருத்த 400 வெள்ளி கேட்டார். அவர் தட்டிய தப்புக்கு என் காசு! நாள் நெருங்கிவிட்டதால் கட்டினேன். ரசீது கேட்டு வாங்கினேன், அதை மட்டும் விடவில்லை.

அதோடு விட்டாரா? பினாங்கு-கேஎல் (கோலாலம்பூர்) ஒரு டிக்கெட், கேஎல்-லண்டன் வேறு டிக்கெட். "பேக் நேரா லண்டன் போயிடும்" என்று சத்தியம் செய்யாத குறை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையக் கவுண்டரில் கேட்டால், கேஎல் விமான நிலையமான கேஎல்ஐஏ வரைக்கும்தான் என்றார்கள். இறங்கியது இரண்டாம் முனையம், லண்டன் விமானம் முதல் முனையத்தில். பெட்டிகளை எடுத்துக்கொண்டு ரயிலில் போக வேண்டும். 2 வெள்ளி, மூன்று நிமிடம்தான். ஆனால் இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பெட்டி, முதுகில் ஒரு பை, தனி ஆள். நான் வேண்டுமென்றே இடையில் ஐந்து மணி நேரம் விட்டிருந்ததால் பிழைத்தேன். தனித்தனி டிக்கெட் எடுப்பவர்கள் இரண்டு மணி நேரம் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெட்டியைப் பற்றி ஒன்று. எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது, காசு கட்டுகிறேன் என்றாலும் ஏற்றமாட்டார்கள். அம்மா மிளகாய்த்தூள், புளி, ஊறுகாய், நெய் எல்லாவற்றையும் சுற்றிக் கட்டியிருந்தார். நெய்யை பினாங்கிலேயே அப்பா கையில் திருப்பிக் கொடுத்தேன். பிரிட்டனுக்குள் இங்கிருந்து பால் பொருள், இறைச்சி எதையும் கொண்டுபோகக்கூடாது. அம்மாவுக்கு அதில்தான் கோபம், நான் கிளம்பியதில்கூட அவ்வளவு இல்லை.

முதல் முனையக் கவுண்டரில் இருந்த பெண் கடப்பிதழின் எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள். "விசா எங்கே?" 2025 ஜூலை 15க்குப் பிறகு எங்களைப் போல வேலைக்குப் போகிற பெரும்பாலானவர்களுக்கு ஸ்டிக்கர் கிடையாது, எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் மின்விசாதான். அவளுக்கு அது தெரியவில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் கணினியில் தேடினார், உதட்டைப் பிதுக்கினார், மறுபடி தேடினார். பின்னால் நின்ற குடும்பம் பக்கத்து வரிசைக்கு மாறிப் போய்விட்டது. நான் மின்விசாப் பக்கத்தை அச்சடித்தே வைத்திருந்தேன். அனுமதிக் கடிதம், திருத்தக் குறிப்பு, ஆணையர் முத்திரையோடு பிரமாணம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கோப்பில். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். மேற்பார்வையாளர் பிரமாணத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் ஏ/எல் இருக்கும்மா" என்றார் தமிழில். ஏ/எல் என்றால் 'இன்னாரின் மகன்'. அப்புறம் ஐந்து நிமிடத்தில் போர்டிங் பாஸ் வந்துவிட்டது.

இதிலிருந்து ஒரு குறிப்பு. மின்விசாக் கணக்கில் உங்கள் கடப்பிதழ் எண் இணைந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் நுழைந்து பாருங்கள். அது இணையாமல் இருந்தால் எந்தக் காகிதமும் உதவாது.

நீண்ட பயணம், கால் வீக்கம், பக்கத்து இருக்கைக் குழந்தை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹீத்ரோவில் மலேசியர்களுக்குத் தானியங்கிக் கதவு இல்லை, ஆள் இருக்கிற வரிசைதான். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர், எக்ஸ்ரே சான்று இருக்கிறதா என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். சான்று கைப்பையில் இருந்தது. பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், அது அந்த வரிசைக்கு அப்பால்தான் கிடைக்கும். அங்கிருந்து லெஸ்டருக்குப் பஸ்.

இப்போது ஓஎஸ்சிஇ என்ற தாதியர் செய்முறைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் முறை பரீட்சைக்குப் போயாக வேண்டும், பத்து நிலையத்தில் செய்து காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் பெயர் சரியாக வந்திருக்கிறது. வங்கிக்காரர்கள்தான் ஏ/பியை நடுப்பெயர் என்று நினைத்து 'மிஸ் ஏபி' என்று கடிதம் போடுகிறார்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏஜெண்டிடமிருந்து 400 வெள்ளி இன்னும் வரவில்லை. ரசீது நகலைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் அவன் கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான்.